கோடு விழுந்த பிறிண்டர்

சாலிஹ் காக்காவின் லொறி ஓட்டமாவடிப் பாலம் கடந்து வாழைச்சேனைக்குள் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கச்சான் காற்று மணலை வாரிக் கடைகளின் முகத்தில் அடித்தது. துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீனைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற லொறி அது. திரும்பும்போது வெங்காயம், பருப்பு, சீமெந்து என்று கிடைத்ததை ஏற்றி வரும். அன்றைக்கு வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெரிய மட்டைப்பெட்டியும் வந்திருந்தது.

இராசாத்தி காலையிலிருந்தே கடை வாசலில் நின்றாள். கடை என்று சொன்னாலும் அது அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைதான். சந்தைக்குப் போகிற ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு மேசை, அதன்மேல் ஒரு கம்பியூட்டர், வாறவர்கள் குந்த ஒரு வாங்கு. வெளிநாடு போகிற பெண்களின் விண்ணப்பம், சண்டையில் தொலைந்த அடையாள அட்டைக்குக் கடிதம், உடைந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டு மனு, ரியூசன் வகுப்புகளின் வினாத்தாள் என்று அந்த வருசம் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிழக்கில் அது முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. ஆனாலும் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் நின்றார்கள்.

அவள் புருசன் கதிர்காமத்தம்பி லொறியில் ஏறிப் பெட்டியை இரு கையாலும் அணைத்து இறக்கினான்.

“பாத்துத் தம்பி, நான் அங்கயிருந்து இஞ்ச மட்டும் குழியப் பாத்துப் பாத்து ஓட்டி வந்த சாமான் இது,” என்றார் சாலிஹ் காக்கா.

“செக்பொயின்ற்ல கரைச்சல் ஒண்டும் இல்லையா காக்கா?” என்று இராசாத்தி கேட்டாள்.

“இல்லாம இரிக்குமா? பெட்டிய வெட்டித் திறந்து பாத்தாங்க. மறுகா நான்தான் ரேப் ஒட்டின. சாமானுக்கு ஒண்டும் ஆகல்ல.”

அவர்கள் மாங்கேணி ஆட்கள். வாகரைச் சண்டையில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, முகாம்களில் கிடந்து, திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அதன் பிறகுதான் வாழைச்சேனைக்கு வந்தார்கள். கதிர்காமத்தம்பி ஆழ்கடல் தொழில் தெரிந்தவன். பெரிய இஞ்சின் கட்டிக் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை இருந்ததால் வாவியில் வீச்சுவலையோடு நின்றான். விடியப் போய், ஆமிக்காரர் விட்ட நேரத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். கொஞ்சம் இறால், கொஞ்சம் மீன். பிறகு மாங்கேணியிலிருந்து மீட்டெடுத்த இஞ்சின் வீட்டு மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது.

கடையிலிருந்த பழைய பிறிண்டர் செத்துப்போன கிழமை, அவன் இராசாத்தியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த இஞ்சினை விற்றுவிட்டு வந்தான்.

“என்ன மச்சான் செஞ்சீங்க?” என்று அவள் பதறினாள்.

“அது மூலையில கிடந்து துருப்பிடிக்கிதுதானே. உன்ட தொழிலாவது ஓடட்டும்.”

அந்தச் சொல் அவளுக்குப் பெரிது. அவன் அதற்கு முன் அதைத் தொழில் என்று சொன்னதில்லை.

மட்டக்களப்பு அடையாள அட்டையோடு கொழும்பில் ஒரு நாள் தங்குவது அந்த நாளில் லேசான காரியமில்லை. ஆகவே அவள் இன்ரநெற்றில்தான் தேடினாள். அன்ரனா வைத்த வயர்லெஸ் போனில் ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறக்கும். கொழும்புக் கம்பனி ஒன்றின் பக்கத்தில் ஒரு லேசர் பிறிண்டரைக் கண்டாள். காசை வங்கியில் போட்டாள். கிழக்குப் பக்கம் தாங்கள் சாமான் அனுப்புவதில்லை என்று கம்பனி சொன்னதால், கொழும்பிலேயே, புறக்கோட்டையில் சாலிஹ் காக்காவின் மச்சினன் கடைக்கு அனுப்பச் சொன்னாள். அங்கிருந்துதான் அது வெங்காயத்தோடு வந்தது.

விநாயகமூர்த்தி மாஸ்டரின் கணக்கு வினாத்தாளைத்தான் முதலில் அடித்தாள். மாஸ்டர் ரியூசன் வகுப்பு நடத்துகிறவர். தவணைப் பரீட்சைத் தாள் முழுவதையும் அவளிடமே தந்திருந்தார். இயந்திரம் இரைந்தது, சூடாக ஒரு தாளைத் துப்பியது. எழுத்துகள் அச்சுக் கோத்ததுபோல் அழகாயிருந்தன. ஆனால் இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, மேலிருந்து அடிவரை, ஒரு கறுப்புக் கோடு.

இரண்டாவது தாளிலும் அதே இடத்தில் அதே கோடு. துணியால் துடைத்தாள், மைக்கூட்டைக் கழற்றிக் குலுக்கிப் போட்டாள், வேறு தாள் வைத்தாள். கோடு அசையவில்லை.

கதிர்காமத்தம்பி பின்னால் நின்று பார்த்தான். “அது அப்பிடித்தான் வருமா?” என்று கேட்டான்.

“வரக் கூடாது,” என்றாள் அவள்.

கம்பனிக்குப் போன் எடுத்தாள். கலியாணத்துக்கு முன் கட்டுநாயக்கவில் கார்மென்ற்ஸில் வேலை செய்தவள், சிங்களம் தண்ணீர்போல் வரும். முதலில் எடுத்த பெட்டை, படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். கோடு விழுந்த தாளையும் பிறிண்டரையும் பெட்டியையும் படம் பிடித்து அனுப்பினாள். அடுத்த நாள் மனேஜரே கதைத்தார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, தங்கச்சி என்பதுபோல் ‘நங்கி’ என்றே கூப்பிட்டார்.

“நங்கி, பெட்டியின் ரேப் வெட்டி மறுபடி ஒட்டியிருக்கிறது. எங்கள் சீல் இல்லை. திறந்த பெட்டிக்கு நாங்கள் காசு திருப்பித் தருவதில்லை.”

“செக்பொயின்ற்றில் திறந்தார்கள். எங்கள் பக்கம் வருகிற எல்லாப் பெட்டியையும் திறப்பார்கள்.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆமிக்காரர் திறந்தபோது போட்டு உடைத்திருப்பார்கள். நாங்கள் நல்ல சாமானைத்தான் கொழும்பில் ஒப்படைத்தோம்.”

“அவர்கள் உடைத்ததை நீங்கள் கண்டீர்களா?”

“காணத் தேவையில்லை நங்கி. உங்கள் பக்கத்துப் பாதையைப் பற்றி எங்களுக்குத் தெரியும்தானே. அந்தப் பாதையில் எது ஒழுங்காக வந்து சேருகிறது?”

அவள் போனை வைத்தாள். உங்கள் பக்கத்துப் பாதை என்ற சொல்தான் அவளைத் தைத்தது. அந்தப் பாதையால்தான் அவளும் பிள்ளைத்தாச்சிகளும் கிழடுகட்டைகளும் நடந்து வந்தார்கள். அந்தப் பாதையால்தான் ஒவ்வொரு நாளும் இந்த ஊரின் மீன் கொழும்பார் சட்டிக்குப் போகிறது.

அன்று பின்னேரம் கதிர்காமத்தம்பி கொண்டுவந்த இறாலை முருங்கைக்காயோடு ஆணம் வைத்திருந்தாள். கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“விட்டிரு புள்ள,” என்றான் அவன். “கடல்ல போன வலைக்கு நாம ஆரிட்டப் போய் வழக்குப் பேசுற? அப்பிடி நெனச்சிக்க.”

“கடல் காசு வாங்கல்லயே மச்சான். இவங்க வாங்கினவங்க.”

“கொழும்புக்காரனோட நம்மளால ஏலுமா? அவன் போனத் தூக்காம விட்டா நீ என்ன செய்வாய்?”

“மறுகா எடுப்பன்.”

“அதுக்கும் தூக்காட்டி?”

“அதுக்கும் எடுப்பன். உங்கட இஞ்சின் அது. கோடு போட்ட தாளுக்காகவா குடுத்தீங்க?”

அவன் சோற்றைப் பிசைந்தான். “ஆணம் நல்லா இரிக்கி,” என்று மட்டும் சொன்னான்.

வினாத்தாள் வேலையை நிறுத்த முடியாது. மாஸ்டர் சொன்ன நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. வேறு பிறிண்டர் இல்லை. இராசாத்தி கோட்டையே உற்றுப் பார்த்தாள். அது இடம் மாறுவதில்லை. அப்படியென்றால் எழுத்தைத்தான் மாற்ற வேண்டும். கேள்விகள் எல்லாவற்றையும் கோட்டுக்கு வலது பக்கம் தள்ளி, வரிகளைச் சுருக்கி, ஒரு கேள்வியும் குறையாமல் புதிதாக அடுக்கினாள். கேத்திரகணித உருவங்களைச் சின்னதாக்கித் திரும்பக் கீறினாள். முதுகு வலித்தது. தாள் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு மட்டும் ஓரமாகத் தனியே நின்றது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் சுத்தமான, கொஞ்சம் ஒடுக்கமான தாள்.

வெட்டுகிற வேலையைக் கதிர்காமத்தம்பி எடுத்துக்கொண்டான். வாவியிலிருந்து வந்து குளித்துவிட்டு, பலகையை மடியில் வைத்து, அடிமட்டத்தை அழுத்திப் பிடித்துச் சவரப் பிளேற்றை இழுப்பான். வலை முடிகிற கை. ஒரு தாள் பிசகவில்லை. வெட்டி விழுந்த கறுப்புக் கீற்றுகள் அவன் காலடியில் சுருண்டு கிடந்தன.

மாஸ்டர் வந்து தாள்கட்டைத் தட்டிப் பார்த்தார். “தாள் ஒடுங்கிப் போச்சே புள்ள?”

“கேள்வி ஒண்டும் ஒடுங்கல்ல சேர்,” என்றாள் இராசாத்தி. “எண்ணிப் பாருங்க.”

மாஸ்டர் சிரித்துவிட்டுக் கட்டைச் சைக்கிளில் கட்டினார்.

சாலிஹ் காக்கா மறுபடி கொழும்பு போய்த் திரும்பியபோது கடையில் இறங்கினார். பால் விடாத பிளேன்ரியும் சீனிக்கட்டியும் கொடுத்து இராசாத்தி நடந்ததைச் சொன்னாள். அவர் கோடு விழுந்த தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தக் கோடா? இது அண்டைக்கே இருந்திச்சே தங்கச்சி.”

“எண்டைக்கு?”

“செக்பொயின்ற்ல. பெட்டியத் திறந்து பாத்துப்போட்டு, ‘இது என்ன மெசின், ஓட்டிக் காட்டு’ எண்டான் ஒரு ஆமிக்காரன். எனக்குத் தெரியா எண்டன். அங்க ஒரு ஆமிச் சார்ஜன், வயசான ஆள், அவரே கொண்டு போய்க் கரண்ட் குடுத்தார். ஏதோ ஒரு பட்டன அமத்தினார். தாள் ஒண்டு வந்திச்சி. அதப் பாத்துப்போட்டு, ‘புது மெசின் கறுப்புக் கோடு போடுது’ எண்டு சிரிச்சார்.”

“ஏன் காக்கா என்னட்டச் சொல்லல்ல?”

“புதுச் சாமான், தொடக்கத்தில மை அப்பிடித்தான் ஒழுகுமாக்கும் எண்டு நெனச்சன் புள்ள. எனக்கு வெங்காயம் தெரியும், மீன் தெரியும். இது தெரியுமா?”

இராசாத்தி எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். “அந்த சார்ஜன் இப்பயும் அங்கதான் நிக்கிறாரா?”

“நேத்தும் கண்டன். என்னத்துக்கு?”

“நான் போய்ச் சந்திக்கப் போறன்.”

வாங்கில் இருந்து வேறு தாள் வெட்டிய கதிர்காமத்தம்பி பிளேற்றைக் கீழே வைத்தான். “உனக்கு என்ன பைத்தியமா? அவங்க கூப்பிட்டாலே நாம ஒளிக்கிற. நாமளாப் போய் அவங்கட வாசல்ல நிக்கிறதா?”

“நான் களவெடுக்கப் போகல்ல. சாட்சி கேக்கப் போறன்.”

“ஆமிக்காரன் தமிழ்ப் பொம்புளைக்குச் சாட்சி சொல்லுவானா?”

“எனக்காகச் சொல்ல மாட்டார். தனக்காகச் சொல்லுவார்.”

கதிர்காமத்தம்பிக்கு அது விளங்கவில்லை. சாலிஹ் காக்காவுக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர், “நான் ஏத்திப் போறன். அல்லாட காவல்,” என்றார்.

புறப்படுகிற அன்று விடியலில் கதிர்காமத்தம்பி வலையை எடுக்கவில்லை. வெள்ளைச் சேட்டைப் போட்டு, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பிறிண்டர்ப் பெட்டியைத் தூக்கினான்.

“நீங்க வராதீங்க மச்சான்,” என்றாள் அவள். “உங்கட ஐசியில மாங்கேணி எண்டு கிடக்கு. இயக்கம் இருந்த ஊரெண்டு உங்கள வெச்சி விசாரிப்பாங்க.”

“விசாரிக்கட்டும். நீ தனியப் போய் நிக்க, நான் வாவியில வலை வீசிக்கிட்டு இருக்கவா?”

மூவரும் லொறியின் முன்பக்கத்தில் நெருங்கி இருந்தார்கள். பின்னால் ஐஸ் உருகி, மீன் தண்ணீர் தெருவில் கோடாய் ஒழுகியது. பொலன்னறுவைப் பக்கம் போகிற நெடுந்தெருவில் இருபுறமும் காட்டை வெட்டி வெளியாக்கியிருந்தார்கள். நிழல் இல்லை. சாலிஹ் காக்கா பேசிக்கொண்டே வந்தார். கதிர்காமத்தம்பி பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

சோதனைச்சாவடியில் வழக்கம்போல் எல்லாரையும் இறக்கினார்கள். மணல் மூட்டைகள், தகரக் கொட்டில், வரிசை. பொடியன் போலிருந்த சிப்பாய் ஒருவன் கதிர்காமத்தம்பியின் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினான்.

“மாங்கேணி?”

“ஓம்.”

“அப்படிப் போய் இரு.”

கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் அவனை இருத்தினார்கள். வேறொருவன் வந்து கேள்வி கேட்கத் தொடங்கினான். இராசாத்தி அதைப் பார்த்தாள். இந்த நேரம் திரும்பிப் பார்த்தால் பேச வராது என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலிஹ் காக்கா காட்டிய ஆளிடம் நேரே நடந்தாள்.

சார்ஜன் மேசைக்குப் பின்னால் இருந்தார். நரை விழுந்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து. அவள் சிங்களத்தில், ஐயா என்பதற்கு ‘மாத்தயா’ என்று கூப்பிட்டு வணக்கம் சொல்லி, பெட்டியை மேசையில் வைக்கலாமா என்று கேட்டாள்.

“என்ன இது?”

“பிறிண்டர் மாத்தயா. இந்த லொறியில் வந்தபோது நீங்கள் திறந்து பார்த்தீர்கள்.”

அவர் பெட்டியைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். “ஆ, கோடு போடுகிற மெசின். இன்னும் திருத்தவில்லையா?”

“அதை விற்ற கம்பனி காசு தரமாட்டேன் என்கிறது.”

“அதற்கு நான் என்ன செய்ய? இது பொலிஸ் இல்லை, கோர்ட்டும் இல்லை. நாங்கள் சாமான் பார்க்கிறவர்கள். போங்கள், வரிசை நிற்கிறது.”

“போகிறேன் மாத்தயா. கம்பனி சொன்னதை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.”

“என்ன சொன்னது?”

“மெசினை நீங்கள் உடைத்தீர்கள் என்று சொன்னது.”

சார்ஜன் பேனையைக் கீழே வைத்தார். “யார் சொன்னது?”

“மனேஜர். ஆமிக்காரர் திறந்தபோது போட்டு உடைத்திருப்பார்கள் என்றார். கொழும்பில் ஒப்படைத்தபோது நல்லாயிருந்ததாம்.”

“நீ என்ன சொன்னாய்?”

“கண்டீர்களா என்று கேட்டேன். காணத் தேவையில்லை என்றார். நான் காணாததைச் சொல்வதில்லை மாத்தயா. அதனால்தான் கண்டவரிடம் வந்தேன்.”

அவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். “நான் இந்த மேசையில் வைத்துத்தான் வெட்டினேன். ரேப்பை மட்டும்தான். உள்ளே இருந்த நுரையைக்கூட உடைக்காமல் எடுத்தேன். என் வீட்டில் மகளுக்கு இப்படி ஒன்று இருக்கிறது, எனக்கு இதைப் பிடிக்கத் தெரியும். முதல் தாளே கோட்டோடுதான் வந்தது.”

“அதை அவரிடம் சொல்வீர்களா?”

“நாங்கள் ஒன்றும் எழுதித் தரக் கூடாது.”

“எழுத வேண்டாம். கதைத்தால் போதும்.” அவள் கைப்பையிலிருந்து மொபைல் போனை எடுத்துக் கம்பனிக்கு அடித்தாள். கை நடுங்குவதை மறைக்க மேசையின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டாள்.

மறுமுனையில் மனேஜர் வந்ததும், “உங்களோடு ஒருவர் கதைக்க வேண்டுமாம்,” என்று சொல்லிப் போனைக் கொடுத்தாள்.

சார்ஜன் பேசியது கொட்டில் முழுக்கக் கேட்டது. “நீதானா எங்களை மெசின் உடைக்கிறவர்கள் என்று சொன்னது?... இல்லை, நீ கேள். நான் இந்தப் பெட்டியைத் திறந்த ஆள்... ஓம், செக்பொயின்ற்றிலிருந்துதான். திறந்தேன், கரண்ட் கொடுத்தேன், தாள் கோட்டோடு வந்தது. நீ அனுப்பினதே அப்படி... எப்படித் தெரியும் என்றா? எனக்குக் கண் இல்லையா? நான் இங்கே இந்த வெயிலில் நிற்கிறேன், நீ அங்கே ஏசிக்குள் இருந்துகொண்டு நான் உடைத்தேன் என்கிறாய்... என் பெயரா? எழுதிக்கொள்.” தன் பெயரையும் இலக்கத்தையும் இரண்டு தரம் நிறுத்திச் சொன்னார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

மனேஜரின் குரல் இறங்கியிருந்தது. “நங்கி, ஒரு பிழை நடந்துவிட்டது. பிரச்சினை இல்லை. நாங்கள் வேறு ஒன்று தருகிறோம். புதுப் பெட்டி.”

“வேண்டாம் மாத்தயா. காசு தாருங்கள்.”

“காசு திருப்புவது கஷ்டம். நல்லதாகப் பார்த்து ஒன்று அனுப்புகிறேன்.”

“எங்கள் பக்கத்துப் பாதையில் எதுவும் ஒழுங்காக வந்து சேராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பிறகு ஏன் இன்னொன்றை அனுப்பி வீணாக்குகிறீர்கள்?”

சார்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மனேஜர், பிறிண்டரைக் கம்பனிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார், காசை வங்கியில் போடுவதாகச் சொன்னார்.

“முழுக்காசும்தானே?”

“முழுக்காசும்.”

“இங்கே சார்ஜன் மாத்தயாவும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் நன்றி சொன்னபோது சார்ஜன் கையை அசைத்தார். “போ, போ. இதற்கு நான் சம்பளம் எடுப்பதில்லை.” பிறகு வாங்குப் பக்கம் பார்த்து, “அது யார்?” என்றார்.

“என் புருசன்.”

“அட்டையைக் கொடு அவனுக்கு,” என்று சிப்பாயைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

கதிர்காமத்தம்பி அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். சேட்டின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. “முடிஞ்சுதா?” என்று கேட்டான். “முடிஞ்சுது,” என்றாள். அவன் பெட்டியைத் திரும்ப லொறியில் ஏற்றினான். சாலிஹ் காக்கா அதை மீனோடு மீனாகக் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

இருவரும் திரும்பி வரும் பஸ்ஸுக்காகத் தெருவோரக் கடையில் நின்றார்கள். பணிஸும் பிளேன்ரியும் வாங்கினார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

“என்ன கேட்டாங்க உங்களிட்ட?” என்றாள்.

“எப்பவும் கேக்கிறதுதான். எங்க இருந்த, என்ன செஞ்ச, ஆர ஆரத் தெரியும். நான் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தன். அந்த சார்ஜன் எழும்பினதும் எனக்கு உசிர் போயிற்று. உன்ன அடிக்கத்தான் எழும்புறான் எண்டு நெனச்சன்.”

“எனக்கும் கால் நடுங்கினதான்.”

“தூர நிண்டு பாக்க அப்பிடித் தெரியல்ல.” பணிஸைப் பிய்த்து அவளுக்கு ஒரு துண்டு நீட்டினான். “கடைசியில அவன் ஏன் சிரிச்ச? நீ என்னமோ சொன்னாய்.”

அவள் சொன்னாள். பாதையைப் பற்றி மனேஜர் சொன்னதையும், அதை அவருக்கே திருப்பிக் கொடுத்ததையும் தமிழில் சொன்னாள். கதிர்காமத்தம்பி முதலில் விளங்காமல் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். பிளேன்ரி மூக்கில் ஏறி இருமினான். இருமி முடித்து மறுபடியும் சிரித்தான். மாங்கேணியை விட்டு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“மறுகா ஒருக்காச் சொல்லு,” என்றான்.

காசு உடனே வரவில்லை. கணக்குப் பிரிவு, கையெழுத்து, லீவு என்று கம்பனி இழுத்தது. இராசாத்தி தினமும் காலையில் கடையைக் கூட்டி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, மூன்றாவது வேலையாகக் கம்பனிக்குப் போன் எடுத்தாள். சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. “வாழைச்சேனை இராசாத்தி கதைக்கிறன்,” என்று சிங்களத்தில் தொடங்குவாள். கொஞ்ச நாளில் போனை எடுக்கிற பெட்டைக்கு அவள் குரல் பழகி, இராசாத்தி சொல்வதற்கு முன்பே அவளே ஊரின் பேரைச் சொன்னாள். கடைசியில் ஒரு நாள் இராசாத்தி வங்கியிலிருந்து திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

“வந்திட்டு மச்சான். ஒண்டும் குறையல்ல.”

அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். “நீ விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்,” என்றான். தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த கிழமை இருவரும் மட்டக்களப்புக்குப் போய் ஒரு கடையில் பிறிண்டர் வாங்கினார்கள். கடைக்காரன் பெட்டியைக் கட்டப் போனபோது, இராசாத்தி அங்கேயே அதைத் திறக்கச் செய்து, கரண்ட் கொடுக்கச் செய்து, அவன் முகம் கோணும்வரைக்கும் தாள் அடித்துப் பார்த்தாள். எல்லாத் தாளும் வெள்ளையாய் வந்தன.

கதை ஊருக்குள் அவளால் பரவவில்லை. துறையில் கதிர்காமத்தம்பி சொன்னான். லொறியில் சாலிஹ் காக்கா ஓட்டமாவடியிலிருந்து கொழும்பு வரைக்கும் சொன்னார். ஒரு பின்னேரம் சந்தையில் மீன் விற்கிற கண்ணகை என்ற பெண் ஒரு தையல் மெசினைத் தலையில் சுமந்துகொண்டு கடை வாசலுக்கு வந்தாள்.

“தம்பி, இஞ்சதானே கொழும்புக் கம்பனியிட்டக் காசு வாங்கின பொம்புளை இரிக்கிற?”

“இஞ்சதான். இறக்குங்க அக்கா,” என்று கதிர்காமத்தம்பி எழும்பி மெசினைத் தாங்கி இறக்கினான்.

“மகளுக்கு வாங்கின. வாங்கின கிழமையே நூல் அறுக்கிது. கடைக்காரன் நாங்கதான் பழுதாக்கின எண்டு உறுக்கிறான். எனக்கு அவனோட கதைக்கத் தெரியா.”

“நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். குந்துங்க. எண்ட பொஞ்சாதி அடுப்படியில நிக்கா, இப்ப வருவா.” அவன் வாங்கைத் தோளிலிருந்த துவாயால் தட்டினான். “அவவுக்கு முன்னால ஆமிக்காரனே எழும்பி நிண்டு கதைச்சவன் அக்கா. பெரிய ஆபிசர். அவ சும்மா மேசையில கைய ஊண்டிக்கிட்டு நிண்டா. ஒரு நடுக்கம் இல்ல. இந்தக் கண்ணால கண்டன்.”

அடுப்படியில் இராசாத்தி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சார்ஜன் ஆபிசராகிவிட்டதைக் கேட்டாள். போய்த் திருத்தலாம் என்று அரைவாசி எழும்பினாள்.

“நான் தூர இருந்து பாத்தன்,” என்று அவன் தொடர்ந்தான். “எனக்கு அப்ப என்ன தோணின தெரியுமா அக்கா? கடலுக்கு இவளயும் கூட்டிப் போயிருக்கலாம் எண்டு தோணின.”

அவள் திரும்பவும் குந்தினாள். திருவலையில் கையை நிறுத்தி, அவன் சொல்லி முடிக்கும்வரை சத்தமில்லாமல் இருந்து கேட்டாள்.